கையை எடுங்க, சித்தி!

ரப்பர் மறுபடியும் நின்றுவிட்டாள்.

உயர பீமின் மேல், இரண்டு கைகளையும் காதோடு ஒட்டித் தூக்கி, முகவாயை நிமிர்த்தி நின்றிருந்தாள். எல்லாம் சரி. இனி பின்னால் வளைந்து, கையை ஊன்றி, காலைச் சுழற்றி, மறுபடி அதே உள்ளங்கை அகலப் பலகையில் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி. பின்கரணம். போன வருஷம் வரை ரப்பருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி வளைவாள் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. இப்போது ரப்பர் மரக்கட்டையாகி நின்றாள்.

வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் கால் மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி வாய் நிறையக் கொட்டாவி விட்டாள்.

ஹாலின் மறுகோடியில், ஓடி வந்து தாண்டிக் குதிக்கும் வால்ட் மேடைப் பக்கம் நின்றிருந்த சித்தி, வலது கையை பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அது தனியாகக் கழன்று பீம் பக்கம் போய்விடும் போலிருந்தது.

போகத்தான் முடியாதே. அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கோடை முகாமின் சட்டம் அப்படி. எந்தக் கோச்சும் தன் சொந்த ஜிம் பிள்ளைகள் பக்கம் தலைவைக்கக் கூடாது. முதல் நாள் காலையிலேயே விசில் எல்லோரையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுவிட்டார். விசில் என்றால் முகாமை நடத்துகிறவர். வாயில் அந்த விசில் இல்லாவிட்டால் கட்டிய மனைவிக்கே அவரை அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்.

"உங்க பிள்ளைங்களை நீங்க வருஷம் பூரா பாக்கறீங்க. கண்ணு பழகிப் போயிருக்கும். இங்கே மத்தவங்க பாக்கட்டும்" என்று சொல்லி, ரப்பரை பீமுக்கும், சித்தியை வால்ட்டுக்கும் அனுப்பிவிட்டார். சித்தியின் ஜிம்மிலிருந்து வந்த மற்ற பெண்கள் ஆளுக்கொரு மூலையில்.

பீமுக்குப் பொறுப்பு ஒரு சின்ன வயசுக்காரி. பீம் டீச்சர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சித்திக்கு அவளைப் பிடிக்கவில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது. சித்தியைப் போல அவளுக்கு முட்டி வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இறங்கிக்கோ. தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள் பீம் டீச்சர். ரப்பர் இறங்கினாள். தண்ணீர்க் குழாயைப் பார்த்து நடந்தாள். சித்தியின் பக்கம் திரும்பவேயில்லை. அதுதான் சித்திக்குச் சுருக்கென்றது.

சித்திக்கு அலுப்பு ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டு வருஷங்கள் ஆகின்றன. பகலில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சாயங்காலம், அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கில் ஜிம். மெத்தைகளை இழுத்துப் போடுவது, மறுபடி சுருட்டி வைப்பது, கிழிந்த இடத்தைத் தைப்பது, அழுகிறவளைச் சமாதானம் செய்வது, சிரிக்கிறவளை அதட்டுவது. கூடவே அக்கா மகளையும் பார்த்துக்கொள்வது. நடக்கப் பழகிய நாளிலிருந்து ரப்பர் அந்தக் கிடங்கில்தான் கரணம் அடித்து வளர்ந்தாள்.

இந்த வருஷம் அவள் பெரிய பிரிவுக்குப் போனாள். பெரிய பிரிவில், போட்டியின்போது கோச் பீமுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. அதனால், விழுந்தால் பிடிக்க முதுகுக்குப் பின்னால் நீட்டும் கையைச் சித்தி பயிற்சியிலேயே எடுத்துவிட்டாள். எடுத்த அன்றைக்கு நின்றவள்தான்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். மருந்துக் கடையில் வேலை. பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

"என்னடி, போனாளா?"

"இன்னும் இல்லக்கா."

"ம்." அக்கா பெருமூச்சு விட்டாள். "இங்க பாரு, நான் கோவத்துல சொல்லல. கேம்ப் முடியற அன்னிக்கு நானே வர்றேன். அதுக்குள்ள போனா சரி. போகலேன்னா இதோட நிறுத்திடுவோம்."

"அக்கா, அவ..."

"தூக்கத்துல காலை உதறுதுடி அந்தப் பொண்ணு. சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு சுவத்தைப் பாக்குது. ஒரு பலகை மேல நின்னு குட்டிக்கரணம் போடறதுக்கு என் பொண்ணு இவ்வளவு தேயணுமா?"

போன் வைத்த பிறகு சித்திக்குள் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. நிறுத்திவிட்டால்? ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம். யாரும் கீழே விழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

அந்த நினைப்பு வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் அவள் சட்டத்தை மீறினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளி அறைகளில், இரும்புக் கட்டில்களில் சுருண்டிருந்தார்கள். சித்தி வாசலில் நின்று விரலை ஆட்டினாள். ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, சட்டம்?"

"சட்டம் போட்டவர் குறட்டை விட்டுட்டிருக்கார். சத்தம் போடாம வா."

ஹாலின் பக்கவாட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டவில்லை. உள்ளே வெக்கை அடுப்படி மாதிரி. மின்விசிறிகள் நின்றிருந்தன. கையில் தடவும் சாக் பவுடர் வாசனையும், வியர்வை ஊறிய மெத்தை வாசனையும். சித்தி கால் வலியோடு மெத்தைகளை இழுத்து பீமின் இரண்டு பக்கமும் போட்டாள். ஒரு பெட்டியின் மேல் ஏறிப் பக்கத்தில் நின்றாள்.

"ஏறு."

ரப்பர் ஏறினாள். கையைத் தூக்கினாள். சித்தியின் வலது கை அவள் முதுகுக்குப் பின்னால், இடுப்புக்குச் சற்று மேலே போய் நின்றது.

சரேல் என்று போனாள் ரப்பர்! வளைந்து, ஊன்றி, சுழன்று, பலகையில் வந்து கச்சிதமாக நின்றாள். பீம்கூட அசையவில்லை.

"இன்னொண்ணு."

போனாள்.

"இன்னொண்ணு!"

மறுபடியும். சித்திக்கு முட்டி வலி மறந்துபோனது. "பாத்தியா? ஒண்ணும் ஆகல உனக்கு! எல்லாம் அப்படியே இருக்கு. நாளைக்கு அந்த டீச்சர் முன்னால இதையே..."

ரப்பரின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அதில் சந்தோஷம் துளிகூட இல்லை. திருடிய பொருளைக் கையில் வைத்திருக்கிறவள் மாதிரி நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றது ஒரு குரல்.

சித்தி பெட்டியிலிருந்து விழப் பார்த்தாள். "யாரு?"

ஹாலின் ஓரத்தில், பஞ்சுக் கட்டிகளால் நிரப்பிய பள்ளம் ஒன்று உண்டு. புதிய கரணங்களைப் பழகுகிறவர்கள் அடிபடாமல் விழுவதற்கு. அதற்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. பீம் டீச்சர். தலைமுடியெல்லாம் நீலப் பஞ்சுத் துணுக்குகள்.

"மனுஷி தூங்கற இடத்துல வந்து இப்படியா கூச்சல் போடுவீங்க?"

மாட்டிக்கொண்டோம் என்று சித்திக்குத் தெரிந்துவிட்டது. விஷயம் விசிலிடம் போகும். எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். பெட்டியை விட்டு இறங்கினாள். "என் மேலதான் தப்பு. பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே."

"நீ போய்ப் படுத்துக்கோ" என்றாள் பீம் டீச்சர், ரப்பரிடம். ரப்பர் பறந்துவிட்டாள்.

பீம் டீச்சர் பள்ளத்திலிருந்து தட்டுத்தடுமாறி வெளியே ஏறினாள். பஞ்சுப் பள்ளத்திலிருந்து கௌரவமாக வெளியே வந்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஜிம் பொண்ணுங்க எல்லாரும் ஒரே மாதிரி நிக்கறாங்க. கவனிச்சிருக்கீங்களா?"

"நிக்கறாங்கன்னா?"

"பின்னால போற இடத்துல மட்டும். கையைத் தூக்கிட்டு, எதுக்கோ காத்திருக்கற மாதிரி. அந்தப் பட்டாணி இருக்காளே, குட்டி, அவ வெறும் தரையிலகூட நிக்கறா. ஃப்ளோர் பாக்கறவரும் சொன்னார். பார் கம்பி பாக்கறவரும் சொன்னார். நாங்க சாப்பிடும்போது இதைத்தான் பேசிட்டிருக்கோம். மத்தவளுங்க தரைங்கறதால சமாளிச்சிடறாங்க. உங்க ரப்பர் உசரத்துல நிக்கறா, மாட்டிக்கிட்டா."

"எதுக்குக் காத்திருக்காங்க?"

"அது இப்பதான் பள்ளத்துலேர்ந்து பாத்தேன்." பீம் டீச்சர் தரையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். "கொஞ்சம் என்னைத் தாங்குங்க."

"உன்னையா?"

"வாங்கக்கா. நான் போக மாட்டேன், சும்மா நிப்பேன். நீங்க எப்பவும் பண்றதைப் பண்ணுங்க."

சித்திக்கு எரிச்சலாக வந்தது. போய் அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"தட்டிட்டீங்க" என்றாள் பீம் டீச்சர்.

"எங்க? நான் தொடவேயில்லையே."

"சரி. மறுபடியும்."

மறுபடி கையை வைத்தாள்.

"தட்டிட்டீங்க."

"விளையாடறியா?"

"சத்தியமாக்கா. ரெண்டு விரல். டொக்குனு. இப்ப தட்டவே கூடாதுன்னு நினைச்சுட்டு வைங்க."

சித்தி பல்லைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். தன் கையைத் தானே முறைத்துப் பார்த்துக்கொண்டே அதை மெல்லக் கொண்டுபோனாள். கை பீம் டீச்சரின் முதுகருகே போய் நின்றது. ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு, அவளைக் கேட்காமலே, இரண்டு விரல்கள் எழும்பி ஒரு தட்டு தட்டின.

இந்த முறை சித்தியே பார்த்துவிட்டாள்.

பீம் டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சித்தி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். விழுந்தால் பிடிக்க இருக்கிறேன் என்று அத்தனை வருஷமும் நீட்டிய கை. அது பிடிக்கிற கை இல்லை; கிளப்பிவிடுகிற கை. இப்போது போ, இப்போது போ என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் முடிவு செய்திருக்கிறாள். பின்னால் போகலாமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள அந்தப் பெண்களில் ஒருத்தி கூடக் கற்கவில்லை. கற்க அவள் விடவில்லை.

அவளுடைய கிடங்கில் இதை யார் கண்டுபிடித்திருக்க முடியும்? அங்கே இருந்தது அவள் கண்கள் மட்டும்தான். அவையும் விழுகிற பிள்ளைகளைப் பார்த்ததே தவிர, தன் கையைப் பார்த்ததில்லை.

"விசில்கிட்ட சொல்லுவியா?" என்றாள் கடைசியில்.

"சொல்லித்தானே ஆகணும்? நான் பள்ளத்துல தூங்கினதையும் சேத்துச் சொல்லணும். ரெண்டு பேருமா திட்டு வாங்கிக்குவோம்."

சாயங்காலம், குழாயடியில் ரப்பர் தன் பயிற்சி உடுப்பை அலசிக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொன்னாள்.

"நீ நிக்கறது உன் தப்பில்ல. உன் முதுகுல நான் தட்டித் தட்டிப் பழக்கிட்டேன். எனக்கே தெரியல."

ரப்பர் உடுப்பைப் பிழிந்தாள். "ஸ்விட்ச்சா?"

"என்ன?"

"நாங்க அதை ஸ்விட்ச்னுதான் சொல்லுவோம். பட்டாணிதான் பேர் வெச்சா. நீங்க ஸ்விட்ச் போட்டாத்தான் வண்டி போகும்னு."

"எல்லாருக்கும் தெரியுமா? ஏன்டி யாரும் சொல்லல?"

"வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சோம். அப்படித்தான் சொல்லித் தருவாங்க போலன்னு." உடுப்பைக் கொடியில் போட்டாள். "அப்புறம் நீங்க கையை எடுத்தீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு... போகவே வரல சித்தி. கால் கேக்கவே மாட்டேங்குது."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்க எப்பவும் களைச்சுப் போய் இருக்கீங்க."

கொடியில் கோணலாகத் தொங்கிய உடுப்பைச் சித்தி இழுத்துச் சரிசெய்தாள்.

அடுத்த நாளிலிருந்து பீம் டீச்சர் தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். வைத்தியம் என்று சொல்வதுகூட அதிகம். முழங்கால் உயரமே உள்ள குட்டை பீமில் ரப்பரை ஏற்றிவிட்டு, தூரத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். 'போ' என்று யாரும் சொல்லக் கூடாது. எண்ணக் கூடாது. கை தட்டக் கூடாது. போகாவிட்டால் இறங்கி, வரிசையில் போய் நின்று, மறுபடி வரலாம்.

ரப்பர் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். வால்ட் பக்கம் இருந்த சித்திக்கு அதைப் பார்ப்பதே ஒரு தண்டனை. ஓடுகிற பிள்ளைகளைப் பிடிக்கும்போதெல்லாம் தன் விரல்களைத் தானே வேவு பார்த்தாள். நாள் முடியும்போது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தை எதிர்த்து ஒரு கையைச் சும்மா வைத்திருப்பதைவிட மூட்டை தூக்குவது சுலபம்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், யாரும் பார்க்காத நேரத்தில், ரப்பர் குட்டை பீமில் போனாள். கோணலாகப் போய் மெத்தையில் உருண்டாள். எழுந்து பீமை ஒரு உதை விட்டாள். "சனியனே!" என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

விசில் ஊதப்பட்டது. ஊதியவர் முகத்தில் கோபத்தைக் காணோம்.

கடைசி நாள் அக்கா வந்தாள். வேலைக்குப் போகும் உடுப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்றோர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ரப்பர் குட்டை பீமில் ஏறினாள். நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு போனாள், தடுமாறினாள், கைகளைக் காற்றில் சுழற்றிச் சமாளித்து நின்றாள். உயர பீமுக்குப் போனாள். கையைத் தூக்கினாள். நின்றாள். இறங்கிவிட்டாள்.

சித்தி பெஞ்சில் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் குட்டைப் பலகையில அவ ஆறு வயசுலயே பண்ணினா" என்றாள் அக்கா மெதுவாக.

"ஆமா."

"அப்ப முன்னேயிருந்ததைவிட மோசமாத்தானே இருக்கு?"

"பாக்க அப்படித்தான் இருக்கும்."

"அப்ப பேசினபடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்டி."

தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அங்கேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ரப்பரும் அவளுக்கு வெறும் அக்கா மகளாக, சாப்பிட்டாயா படித்தாயா என்று மட்டும் கேட்டால் போதுமானவளாக மிஞ்சுவாள். யாரிடமும் அவளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

"அடுத்த வாரம் இங்க ரெண்டாவது கேம்ப் ஆரம்பிக்குது" என்றாள் சித்தி. "அவளை இங்கயே விட்டுடு. அந்தப் பொண்ணுகிட்ட."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "யாரு, அந்தத் தலையில பஞ்சு ஒட்டியிருக்கறவகிட்டயா? நீ உன் பிள்ளைங்களை யாருக்கும் குடுக்க மாட்டியே. ஒரு தடவை லீவு போட்டதுக்கே என்கூட சண்டை போட்டவ நீ."

"அவளைக் கெடுத்ததே நான்தான்க்கா. இத்தனை வருஷமா இவ போகல, நான் அனுப்பிட்டிருந்தேன். இப்பத்தான் இவ தானா போயிருக்கா. கோணலா. அது இவளோடது." சித்தி முட்டியை நீவிக்கொண்டாள். "இப்ப நிறுத்தினா, தன்னால முடியாதுன்னே நினைச்சுக்குவா. அது பொய்."

"அப்புறமும் போகலேன்னா?"

"அப்புறமும் போகலேன்னா அவளே வந்து வேணாம்னு சொல்லட்டும். நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்."

அக்கா ரொம்ப நேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "நீ நடுவுல வந்து எட்டிப் பாக்கக் கூடாது."

"மாட்டேன்."

"உன் வாய்தான் சொல்லுது."

"வரணும்னா ரெண்டு பஸ் மாறணும். எனக்கு அந்தத் தெம்பு இல்லக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து, மகளைப் பார்க்கப் போனாள். சித்தி தன் மற்ற பெண்களை எண்ணி, மூட்டை முடிச்சுகளோடு வண்டியில் ஏற்றினாள். ரப்பர் வாசல்வரை வந்து கையசைத்தாள். வண்டி திரும்புவதற்குள் உள்ளே ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிடங்கில் ஜிம் திறந்தது. அச்சகத்தின் தடதடப்பு சுவரைத் தாண்டி வந்தது. சித்தி மெத்தைகளை விரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். வகுப்பு நடக்கும்போது அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மேமுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

பட்டாணி கோட்டின் மேல் கையைத் தூக்கி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. "மேம், வாங்களேன்."

"இங்கதான் இருக்கேன்."

"இங்க வாங்க."

"மாட்டேன். பாத்துட்டிருக்கேன், நீ எப்ப வேணா போ."

பட்டாணி கோட்டை விட்டு விலகி வரிசையின் கடைசிக்குப் போனாள். அடுத்தவள் வந்தாள், நின்றாள், போனாள். அதற்கடுத்தவளும் நின்றாள். இந்தக் கோடை முழுக்க இப்படித்தான் போகும் என்று சித்திக்குப் புரிந்தது. உட்கார்ந்திருப்பது நிற்பதைவிடக் கஷ்டம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

போன் அடித்தது. ரப்பர்.

"சித்தி."

"சாப்பிட்டியா?"

"ம். சித்தி, நான் இன்னும் போகல. உசரத்துல."

"சரி."

"அந்த டீச்சர் பக்கத்துலயே வர மாட்டேங்கறாங்க. சுவத்துகிட்ட உக்காந்து நகம் வெட்டிட்டிருக்காங்க. நான் ஏறறேன், நிக்கறேன், இறங்கறேன். காலையிலேர்ந்து இதேதான். ரொம்ப போர் அடிக்குது."

சித்தி நாற்காலியில் நிமிர்ந்தாள். "என்ன அடிக்குது?"

"போர், சித்தி. சும்மா நின்னா போர் அடிக்காதா?"

இந்த வருஷம் முழுக்க அந்தப் பெண் பீமைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு முறையும் பயம் என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தை இப்போது வரவில்லை. சித்தி அதற்காகக் காது கொடுத்துக் காத்திருந்தாள். வரவேயில்லை.

"போர் அடிச்சா என்ன பண்ணுவே?"

"தெரியல." அந்தப் பக்கம் ரப்பர் எதையோ கடித்து மென்றாள். "நாளைக்குப் போயிடுவேன்னு நினைக்கிறேன். இல்லேன்னா நாளன்னைக்கு. வெக்கறேன், கூப்பிடறாங்க."

வைத்துவிட்டாள்.

கோட்டின் மேல் மறுபடி பட்டாணி நின்றிருந்தாள், கையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் கண்ணீர்க் கோடு. சித்தி போனை மடியில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.